புவிக்காந்தப் புயல்: நான் சொன்ன தவறான விடை

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம், நான் படித்த தமிழ்ப்பள்ளியில் அறிவியல் வாரத்தை முன்னிட்டு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் முன்னாள் மாணவி என்பதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், மே 10, 11ஆம் நாள்களில், இருபது ஆண்டுகளில் காணாத பெரிய புவிக்காந்தப் புயல் ஒன்று வீசி ஓய்ந்திருந்தது. இணையமெங்கும் சிவப்பும் பச்சையும் இளஞ்சிவப்புமாக வானத்துப் படங்கள். அவற்றைத் திரையில் காட்டினால் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள் என்ற எண்ணத்தில் நானும் காட்டினேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

“அக்கா, அந்தக் கலரு வானம் நம்ம ஊருல ஏன் வரல?”

நான் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன். “அந்தப் புயல் துருவத்துல மட்டும்தான் தம்பி அடிக்கும். நாம நிலநடுக்கோட்டுப் பக்கத்துல இருக்கோம். நமக்கு ஒண்ணும் ஆகாது.”

அவன் தலையாட்டிவிட்டு, அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அடிக்கோல் வைத்துக் கோடும் போட்டான்.

அந்த விடை தவறு என்பதை இறுதியாண்டில்தான் உணர்ந்தேன். ஆய்வேட்டுத் தலைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் விரிவுரையாளர் கேட்டார்: புவிக்காந்தப் புயலின் வலிமையை அளக்க உலகம் முழுவதும் பயன்படுத்தும் எண் ஒன்று இருக்கிறதே, அதற்கான அளவீட்டு நிலையங்கள் ஏன் துருவத்துக்கு அருகில் இல்லை? ஹவாயிலும் புவெர்ட்டோ ரிக்கோவிலும் அவற்றுக்கு என்ன வேலை? என்னிடம் விடை இல்லை. தேடிப் படித்தபோது அந்தச் சிறுவனின் குறிப்புப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. இக்கட்டுரை அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை. நீளம் சற்று அதிகம், பொறுத்தருள்க.

சூரியக் காற்றும் புவியின் வேலியும்

சூரியனிலிருந்து எந்நேரமும் ஒரு காற்று வீசுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றன்று. மின்னூட்டம் பெற்ற புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் கலந்த பிளாஸ்மா. வழக்கமான நாள்களில் அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அடர்த்தியோ மிகக் குறைவு. ஒரு கன சென்டிமீட்டரில் ஐந்தாறு துகள்கள் இருந்தால் அதிகம். இவ்வளவு மெலிந்த காற்று நம்மை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். அது தன்னோடு சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்து வருகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கதையின் திருப்பமே அங்குதான் இருக்கிறது.

இந்தக் காற்றைப் புவியின் காந்தப்புலம் தடுத்து நிறுத்துகிறது. தடுக்கப்பட்ட அந்த வெளியைக் காந்தக்கோளம் என்கிறோம். கோளம் என்ற பெயர்தான் உண்டே தவிர அதன் வடிவம் உருண்டை அன்று. சூரியனை நோக்கிய பக்கம் காற்றின் அழுத்தத்தால் அமுங்கி, புவியின் மையத்திலிருந்து ஏறக்குறைய பத்துப் புவி ஆரத் தொலைவில் நிற்கிறது. மறுபக்கம் வால்போல நீண்டு நிலவின் சுற்றுப்பாதையையும் தாண்டிப் போகிறது. ஆற்றின் நடுவே கிடக்கும் பாறையையும் அதன் பின்னால் நீளும் நீர்ச்சுழிப்பையும் கற்பனை செய்துகொண்டால் போதும்.

2024 மே மாதத் தொடக்கத்தில் சூரியனில் ஒரு கரும்புள்ளிக் கூட்டம் தோன்றியது. வானியலாளர்கள் அதற்கு இட்ட எண் 3664. அதன் அகலம் புவியின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு. அங்கிருந்து மே 8 முதல் அடுத்தடுத்துப் பிழம்பு உமிழ்வுகள் கிளம்பின. ஒவ்வோர் உமிழ்வும் கோடிக்கணக்கான டன் பிளாஸ்மாவை வெளியே வீசக்கூடியது. பின்னால் கிளம்பியவை முன்னால் போனவற்றை எட்டிப் பிடித்து, ஒன்றாகத் திரண்டு வந்தன. மலேசிய நேரப்படி மே 11, சனிக்கிழமை, அதிகாலை 1.05 மணியளவில் அந்தத் திரளின் அதிர்ச்சி அலை புவியின் காந்தக்கோளத்தில் மோதியது. அந்நேரத்தில் நான் விடுதியில் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்க வானிலை வல்லுநர்கள் இதை ஜி 5 என வகைப்படுத்தினர். அவர்களுடைய அளவுகோலில் அதற்கு மேல் படி இல்லை. 2003ஆம் ஆண்டு அக்டோபருக்குப் பிறகு அந்தப் படியைத் தொட்ட முதல் புயல் இது.

எந்தப் பக்கம் பார்த்து வருகிறது?

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். புவிக்கு வலுவான வேலி இருக்கிறது என்றால் புயல் எப்படி உள்ளே வருகிறது?

தமிழ்ப்பள்ளியில் காந்தம் பற்றிப் படித்த முதல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும். எதிர்த் துருவங்கள் ஈர்க்கும். நிலநடுக்கோட்டுக்கு மேலே புவியின் காந்தக் கோடுகள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்கின்றன. சூரியக் காற்று சுமந்து வரும் புலமும் வடக்கு நோக்கியிருந்தால் வேலி ஏறக்குறைய மூடியே இருக்கும். அது தெற்கு நோக்கியிருந்தால் நிலைமை தலைகீழ். எதிரெதிர்த் திசையில் நெருங்கும் இரு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் அறுந்து, ஒன்றோடொன்று மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஒரு முனை புவியிலும் மறுமுனை சூரியக் காற்றிலுமாகக் கோடுகள் திறந்துகொள்கின்றன. இதைக் காந்த மறு இணைப்பு என்பர். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜேம்ஸ் டங்கி 1961ஆம் ஆண்டில் இக்கருத்தை முன்வைத்தார்.

திறந்த கோடுகளைச் சூரியக் காற்று பின்னால் இழுத்துச் சென்று வால் பகுதியில் குவிக்கிறது. அங்கே அவை மீண்டும் இணையும்போது, இழுத்துவிட்ட ரப்பர் பட்டை சுருங்குவதுபோல் புவியை நோக்கிப் பாய்கின்றன. அவற்றோடு பிளாஸ்மாவும் பாய்கிறது. ஆகவே புயலின் கடுமையை முடிவு செய்வது வேகம் மட்டுமல்ல. புலம் தெற்கு நோக்கி எவ்வளவு நேரம், எவ்வளவு வலுவாக நிற்கிறது என்பதும்தான். வேகமாக வந்தும் வடக்கு நோக்கியிருந்ததால் பெரிதாக ஒன்றும் செய்யாமல் கடந்துபோன உமிழ்வுகள் உண்டு. 2024 மே புயலில் தென்முகப் புலம் சில வேளைகளில் 40 நானோடெஸ்லாவையும் தாண்டியது. சாதாரண நாள்களில் ஐந்தைத் தாண்டினாலே கவனிப்பார்கள்.

இந்தத் திசையை முன்கூட்டியே அறிய இன்றுவரை நல்ல வழியில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. புவியிலிருந்து சூரியன் பக்கமாக 1.5 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஆய்வுக்கலங்கள் மீது பிளாஸ்மா பட்ட பிறகுதான் திசை உறுதியாகத் தெரியும். அங்கிருந்து அது நம்மை வந்தடைய ஒரு மணி நேரம்கூட ஆகாது. வேகமான புயலாக இருந்தால் அரை மணி நேரம்.

வளையம்

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

வாலிலிருந்து புவியை நோக்கிப் பாயும் பிளாஸ்மா நேராக வந்து விழுவதில்லை. புவியின் புலம் அதைப் பிடித்து வளைக்கிறது. நேர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் மேற்குப் பக்கமாகவும் எலெக்ட்ரான்கள் கிழக்குப் பக்கமாகவும் புவியைச் சுற்றத் தொடங்குகின்றன. எதிர் மின்னூட்டம் எதிர்த் திசையில் ஓடினால் இரண்டும் ஒரே மின்னோட்டமாகக் கூடும் என்பது படிவம் ஐந்து இயற்பியல். ஆக, மேற்கு நோக்கி ஓடும் ஒரு மாபெரும் மின்னோட்டம் புவியை வளையமாகச் சூழ்கிறது. இதற்கு வளைய மின்னோட்டம் என்று பெயர்.

இந்த வளையம் துருவத்தைச் சுற்றி அமைவதில்லை. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே, புவியின் மையத்திலிருந்து மூன்று முதல் எட்டுப் புவி ஆரத் தொலைவில் அமைகிறது. அதாவது நம் தலைக்கு மேலே. புவிக்காந்தப் புயல் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதன் உடல் இந்த வளையம்தான். துருவத்து வண்ண ஒளி அதன் ஓரத்தில் தெரியும் ஒரு பக்கக் காட்சி எனலாம்.

வலக்கைப் பிடி விதியை இந்த வளையத்துக்குப் பயன்படுத்திப் பாருங்கள். மேற்கு நோக்கிய மின்னோட்டம் வளையத்துக்குள் தெற்கு நோக்கிய புலத்தை உண்டாக்கும். நிலநடுக்கோட்டில் புவியின் சொந்தப் புலம் வடக்கு நோக்கியது. ஒன்று மற்றொன்றைக் கழிக்கிறது. அதனால் வெப்பமண்டல நாடுகளில் உள்ள காந்தமானிகள் புயலின்போது வழக்கத்தைவிடக் குறைந்த அளவைக் காட்டும். எவ்வளவு குறைகிறதோ வளையம் அவ்வளவு வலுவானது.

விரிவுரையாளரின் கேள்விக்கு விடை இதுதான். தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸ், ஜப்பானின் காக்கியோக்கா, ஹவாயின் ஹோனலூலு, புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் ஆகிய நான்கு நிலையங்களின் அளவீடுகளைக் கொண்டு ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகம் மணிக்கொரு முறை ஓர் எண்ணை வெளியிடுகிறது. டி.எஸ்.டி. என்பது அதன் பெயர். நிலையங்கள் துருவத்துக்கு அருகில் இருந்தால் துருவ ஒளிப் பகுதியில் ஓடும் மின்னோட்டங்கள் அளவீட்டைக் குழப்பிவிடும். மிகச் சரியாகக் காந்த நடுக்கோட்டிலேயே இருந்தாலும் அங்கே பகலில் ஓடும் வேறொரு மின்னோட்டம் குழப்பிவிடும். எனவே இரண்டுக்கும் இடைப்பட்ட இடங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அமைதியான நாளில் இந்த எண் சுழியத்தை ஒட்டியிருக்கும். −100க்குக் கீழே போனால் கடும் புயல். 1989 மார்ச்சில் அது −589 நானோடெஸ்லா வரை இறங்கியது. 2003 நவம்பர் 20 அன்று −422. 2024 மே 11 அன்று ஏறத்தாழ −400. அந்தக் கடைசி எண் பதிவானபோது நம் நாட்டில் காலை பத்து, பதினொரு மணி. சனிக்கிழமைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலே, இருபது ஆண்டுகளில் காணாத மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நம் பகுதியில் புவியின் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. அதில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தது. உடலுக்கு அது தெரியாது. சாதாரணத் திசைகாட்டி வைத்திருப்பவருக்கும் தெரிந்திருக்காது.

நடுக்கோட்டை ஒட்டிய நாடுகள் இத்துறையில் வெறும் பார்வையாளர்கள் அல்ல என்பதற்கு ஒரு பழைய சான்றும் உண்டு. வரலாற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகக் கருதப்படுவது 1859 செப்டம்பர் தொடக்கத்தில் வீசிய புயல். அதற்குச் சற்று முன் சூரியனில் தோன்றிய வெண்ணொளியைக் கண்டு பதிவு செய்த ரிச்சர்டு காரிங்டன் என்ற ஆங்கிலேயரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அந்தப் பிழம்பு சூரியனிலிருந்து இங்கு வந்து சேர ஏறத்தாழ பதினேழரை மணி நேரமே பிடித்தது. பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில் அப்போது ஊழியர்கள் காந்தமானியை வேளை தவறாமல் கண்ணால் பார்த்து, கையால் எழுதிவந்தார்கள். செப்டம்பர் 2ஆம் நாள் அவர்கள் எழுதிய எண்கள் சுமார் 1,600 நானோடெஸ்லா இறக்கத்தைக் காட்டுகின்றன. அந்த ஏடுகளை அறிவியலாளர்கள் மீண்டும் எடுத்து ஆராய்ந்து 2003இல் கட்டுரை வெளியிட்டபோதுதான் அப்புயலின் உண்மையான வலிமை பற்றிய பேச்சு சூடுபிடித்தது. பின்னாளில் பம்பாயில் மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்ததால், அந்த மின்சாரம் அளவீட்டைக் கெடுத்துவிடும் என்று ஆய்வகத்தை அலிபாக்குக்கு மாற்றினார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே அன்று எண்களை எழுதி வைத்த அந்த ஊழியரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு ஏன் நமக்கு ஒளி தெரியவில்லை?

சிறுவன் கேட்டது நல்ல கேள்வி. வளையம் நம் தலைக்கு மேலே இருக்கிறது என்றால் ஒளியும் நமக்கல்லவா தெரிய வேண்டும்?

மின்னூட்டம் பெற்ற துகள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழன்றபடி, அக்கோட்டின் வழியாகவே கீழிறங்கும். கோட்டைக் குறுக்கே தாண்டி வருவது அதற்குக் கடினம். நம் மண்ணிலிருந்து எழும் காந்தக் கோடு மிகவும் தாழ்வானது. கெடாவுக்கு வடக்கே, தாய்லாந்தின் தென்பகுதி வழியாகக் காந்த நடுக்கோடு செல்கிறது. நாம் அதற்குப் பக்கத்தில் இருப்பதால் நம் கோடு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்துக்குள்ளேயே வளைந்து, வடக்கே தாய்லாந்துப் பக்கம் மண்ணில் இறங்கிவிடுகிறது. வளையமோ பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கோடுகள் கனடாவிலும் நார்வேயிலும் அலாஸ்காவிலும்தான் தரையைத் தொடுகின்றன. வளையம் நம் வீட்டுக்கு மேலே. அதன் படிக்கட்டு இறங்குவது வேறு ஊரில். இதை அன்றே அவனுக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

புயல் பெரிதாகும்போது வளையம் புவிக்கு நெருங்கி வருகிறது. படிக்கட்டும் நடுக்கோட்டை நோக்கி நகர்கிறது. 2024 மே புயலில் மெக்சிகோவிலும் கானரித் தீவுகளிலும் ஒளி தெரிந்தது. இந்தியாவின் லடாக்கில் உள்ள ஹன்லே வான் ஆய்வகத்தில் சிவப்பு ஒளியைப் படம் பிடித்தார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிவப்பு மட்டுமே தெரிவதற்குக் காரணம் உண்டு. ஆக்சிஜன் அணுக்கள் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் பச்சை ஒளியைத் தருகின்றன. 200 கிலோமீட்டருக்கு மேலே சிவப்பைத் தருகின்றன. தொடுவானத்துக்கு அப்பால் பச்சை மறைந்துபோக, உயரத்தில் உள்ள சிவப்பு மட்டும் எட்டிப் பார்க்கிறது.

1909 செப்டம்பர் 25ஆம் நாள் புயலின்போது சிங்கப்பூரில் துருவ ஒளி தெரிந்ததாகப் பழைய எழுத்துகள் சிலவற்றில் காணப்படுகிறது. பின்னர் ஆராய்ந்தவர்கள் அதை ஐயத்துக்குரியதாகவே கருதுகிறார்கள். மேலே சொன்ன படிக்கட்டுக் கணக்கைப் பார்த்தால் எனக்கும் அந்த ஐயம் நியாயமாகத்தான் படுகிறது.

வீங்கும் வளிமண்டலம்

மேல்வளிமண்டலத்தின் ஒரு பகுதிக்குத் தமிழ் நூல்களில் ‘வெப்ப மண்டலம்’ என்று பெயர். ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு மேலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை அது பரந்திருக்கிறது. ஆனால், நாம் வாழும் நாட்டையும் வெப்பமண்டல நாடு என்றே சொல்கிறோம். என் ஆய்வேட்டுச் சுருக்கத்தைத் தமிழில் எழுதி ஒரு தோழியிடம் காட்டினேன். “வெப்ப மண்டலத்தில் துணைக்கோளங்கள் விழுகின்றன” என்ற வரியைப் படித்துவிட்டு, “எங்க, கிள்ளானிலயா?” என்று கேட்டாள். ஆகவே இங்கே ‘வெப்பக்கோளம்’ என்று எழுதுகிறேன். காந்தக்கோளத்துக்கும் இணையாக அமைகிறது. கழகத்துத் தமிழறிஞர்கள் இதைவிட நல்ல சொல் தந்தால் மகிழ்வேன்.

புயலின்போது துருவப் பகுதியில் பாயும் மின்னோட்டம், மின்னடுப்பின் கம்பியைச் சூடாக்குவதுபோல் அங்குள்ள மெல்லிய காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று விரிந்து மேலெழுகிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி பல மடங்கு கூடிவிடும். அந்த வீக்கம் அலையாக இரு துருவங்களிலிருந்தும் நடுக்கோட்டை நோக்கி விரைந்து, சில மணி நேரத்தில் நம் வானத்தையும் எட்டுகிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஓடும் துணைக்கோளங்களுக்கு இது எதிர்காற்றில் மிதிவண்டி ஓட்டுவது போன்றது. வேகமிழந்து தாழ இறங்கும்.

2022 பிப்ரவரி 3ஆம் நாள் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் துணைக்கோளங்களை ஏவியது. முதலில் அவற்றை 210 கிலோமீட்டர் உயரத்தில் விட்டுச் சோதித்த பிறகு மேலே ஏற்றுவது அப்போது அவர்கள் வழக்கமாக இருந்தது. மறுநாள் ஒரு புயல் வந்தது. 2024 புயலோடு ஒப்பிட்டால் அது தூறல். ஆயினும் முந்தைய ஏவுதல்களைவிடக் காற்றின் இழுப்பு 50 விழுக்காடு வரை கூடியதாக அந்நிறுவனம் அறிவித்தது. 38 துணைக்கோளங்கள் மேலேற முடியாமல் வளிமண்டலத்தில் எரிந்துபோயின. 1989 மார்ச் புயலிலோ, அமெரிக்க விமானப்படை கண்காணித்துவந்த பொருள்களுள் ஆயிரக்கணக்கானவை எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் போயின. அவற்றை மீண்டும் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. சூடாகி மேலெழும் காற்றிலிருந்து ஆக்சிஜன் அயனிகள் காந்தக்கோளத்துக்குள் தப்பிச் செல்கின்றன. பெரும் புயல்களில் வளைய மின்னோட்டத்தின் பெரும்பகுதியைச் சுமப்பவை இந்த ஆக்சிஜன் அயனிகளே. சூரியக் காற்றில் அவ்வளவு ஆக்சிஜன் கிடையாது. புயலை மூட்டியது சூரியன். அதற்கு விறகு போடுவது நம் வளிமண்டலம்.

நம் வானத்து நீரூற்று

வெப்பக்கோளத்தின் காற்றில் ஒரு பகுதி சூரிய ஒளியால் அயனியாகி அயனி மண்டலமாக இருக்கிறது. உலகிலேயே அது மிகவும் குறும்பு செய்யும் பகுதி நடுக்கோட்டை ஒட்டிய நம் வானம்தான். பகலில் கிழக்கு நோக்கிய மின்புலம் ஒன்று இங்குள்ள பிளாஸ்மாவை மேலே தூக்குகிறது. மேலே போனது காந்தக் கோடுகளின் வழியே இருபுறமும் வழிந்து, நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 15 பாகை வடக்கிலும் தெற்கிலும் குவிகிறது. பூங்காவில் நடுவே பீய்ச்சி இருபக்கமும் விழும் நீரூற்று போன்றது இது. ஆங்கிலத்திலும் நீரூற்று என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

புயல் தொடங்கும்போது காந்தக்கோளத்தின் மின்புலம் சில நிமிடங்களில் நடுக்கோடு வரை ஊடுருவிவிடுகிறது. பகல் பக்கத்தில் நீரூற்று திடீரென்று பல மடங்கு வலுக்கிறது. 2003 அக்டோபர் புயலில் இதை அளந்தவர்கள் ‘பெரு நீரூற்று’ என்று பெயர் வைத்தார்கள். பல மணி நேரம் கழித்து, துருவத்துச் சூட்டினால் கிளம்பிய காற்று வந்து சேரும்போது மின்புலம் எதிர்த் திசைக்குத் திரும்பி ஊற்று அடங்கிவிடும். ஒரே புயலில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். எது எப்போது என்பது புயல் தாக்கும்போது நம் கடிகாரம் காட்டும் நேரத்தைப் பொறுத்தது.

இதனால் நமக்கென்ன என்று கேட்பவர்கள் தங்கள் கைத்தொலைபேசியைப் பார்க்கலாம். ஜி.பி.எஸ். சமிக்ஞை இந்தப் பிளாஸ்மாவைக் கடந்துதான் வர வேண்டும். வழியில் எலெக்ட்ரான்கள் கூடினால் சமிக்ஞை தாமதமாகும். தாமதமானால் தொலைவு தவறாகும். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தூணொன்றை வானம் வரை நிறுத்தி, அதற்குள் இருக்கும் எலெக்ட்ரான்களை எண்ணுகிறார்கள். ஒன்றுக்குப் பின் 16 சுழியங்கள் போட்டால் ஓர் அலகு. ஓர் அலகுக்குத் தொலைவில் வரும் பிழை ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் நம் பகுதியில் நண்பகலில் நூறு அலகுக்கு மேல் போவதுண்டு. அதாவது 16 மீட்டர். சாதாரணக் கருவிகளில் உள்ள திருத்தக் கணக்கு இதில் பாதியைத்தான் சரிசெய்யும். அதுவும் அமைதியான நாளுக்கான கணக்கு. இரண்டு அலைவரிசைகளில் பெறும் கருவிகள் இந்தத் தாமதத்தைத் தாமே கணித்துக் கழித்துவிடும் என்பது ஆறுதல்.

மாலையில் கதை வேறு. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதி விரைவாக மெலிய, கனமான பிளாஸ்மா மேலேயும் மெலிந்தது கீழேயும் நிற்கின்றன. எண்ணெய்க்கு மேல் தண்ணீரை ஊற்றினால் எவ்வளவு நேரம் நிற்கும்? மெலிந்த பகுதி குமிழிகளாகப் பொத்துக்கொண்டு மேலெழுகிறது. அந்தக் குமிழிகளைக் கடக்கும் சமிக்ஞை விண்மீன்போல் மினுக்குகிறது. சில வேளைகளில் கருவி அதைத் தவறவிட்டும் விடுகிறது. இதற்கு இரண்டு அலைவரிசைகள் இருந்தும் பயனில்லை. புயல் வந்தால் குமிழி பெருகலாம், அடியோடு இல்லாமலும் போகலாம். என் ஆய்வேட்டின் பெரும்பகுதி இந்த ‘லாம்’களோடு மல்லுக்கட்டுவதில்தான் கழிகிறது.

2024 மே புயலின்போது அமெரிக்காவில் சோள விதைப்புக் காலம். சென்டிமீட்டர் துல்லியத்தில் ஓடும் டிராக்டர்களின் வழிகாட்டி பிழைத்ததால் உழவர்கள் சிலர் வேலையை நிறுத்திக் காத்திருந்தார்கள். கெடா வயல்களில் மருந்து தெளிக்கும் டிரோன்களைக் காணும்போது எனக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வரும். காந்த நடுக்கோடு அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

மின்தடை பற்றிக் கேட்பீர்கள். 1989 மார்ச் 13 அதிகாலையில் கனடாவின் கியூபெக் மாநில மின்கட்டமைப்பு இரண்டு நிமிடத்துக்குள் சரிந்து, ஆறு மில்லியன் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தது உண்மை. புலம் வேகமாக மாறும்போது தரைக்குள் மின்னோட்டம் தூண்டப்படுவதே காரணம். அந்த வேகமான மாற்றம் துருவ ஒளிப் பகுதியின் கீழேதான் மிகக் கடுமை. இந்த ஒன்றில் மட்டும் சிறுவனுக்கு நான் சொன்னது ஓரளவு பொருந்தும். ஓரளவு என்பதற்குக் காரணம், 2003 புயலுக்குப் பிறகு துருவத்திலிருந்து வெகு தொலைவில் உள்ள தென்னாப்பிரிக்காவில் மின்மாற்றிகள் பழுதானதைக் கண்டிருக்கிறார்கள்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் மீண்டும் அந்தத் தமிழ்ப்பள்ளிக்குச் சென்றேன். அவன் படிவம் ஒன்றுக்குப் போய்விட்டான். காந்தப்புலம் அவனுக்கு இப்போது ‘மேடான் மேக்னெட்’ ஆகியிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. அவன் தங்கை நான்காம் ஆண்டில் படிக்கிறாள் என்று ஆசிரியை சொன்னார். வளையத்தையும் படிக்கட்டையும் ஒரு தாளில் வரைந்து, கீழே நான்கு வரி எழுதி அவளிடம் கொடுத்தேன். “அண்ணன்கிட்ட குடு, பழைய புத்தகத்துல அக்கா சொன்னது தப்புன்னு சொல்லு” என்றேன். அவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த வளையம் இப்பவும் மேல இருக்காக்கா?” என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன். அமைதியான நாளிலும் மெல்லியதாக ஓடிக்கொண்டுதான் இருக்கும்.